ஒரே கூண்டில் இரண்டு முயல்கள்

வாரச் சந்தையிலும் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் முயலைப் பெரும்பாலும் ஜோடியாகத்தான் தருகிறார்கள். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும் குட்டிகளில் இரண்டை எடுத்து, வாலைத் தூக்கிப் பார்த்து, "ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணு" என்று சொல்லி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். முதல் சில வாரங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் தின்னும், ஒட்டிப் படுத்து உறங்கும். நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஒரு காலையில் பார்த்தால் கூண்டு முழுக்க மயிர்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றின் காது கிழிந்திருக்கும். அல்லது பெண் முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மூலையில் மெத்தை போட்டிருக்கும். அதற்குள் ஐந்தாறு குட்டிகள் நெளியும். எது நடந்தாலும் வீட்டார் திகைத்துப் போகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: குட்டிகள் பருவத்துக்கு வந்துவிட்டன. குட்டிகளின் நெருக்கம் தானாக வருகிறது, பருவம் வந்ததும் கலைகிறது. வளர்ந்த இரண்டு முயல்கள் நிம்மதியாகச் சேர்ந்து வாழ வேண்டுமானால் அதை நாம்தான் பொறுமையாக அமைத்துக் கொடுக்க வேண்டும்.

உலகெங்கும் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளரும் முயல்கள், வெள்ளையோ சாம்பலோ, தொங்கு காதோ நிமிர்ந்த காதோ, அத்தனையும் ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்தின் வழிவந்தவை. ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பகுதிகள் அதன் பூர்வீகம். நம் ஊர்ப் புதர்களில் ஓடும் காட்டு முயல் இதற்குத் தூரத்து உறவு மட்டுமே. அது வளை தோண்டாது, பெரும்பாலும் தனித்தே திரியும், அதன் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து மயிரோடு இருக்கும். (அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) ஐரோப்பிய முயலோ மண்ணுக்கடியில் வளை வெட்டி, சில ஆண்களும் சில பெண்களுமாகச் சிறு குழுக்களில் வாழ்கிறது. கூண்டில் பிறந்து கூண்டிலேயே வளர்ந்த முயலிடமும் அந்தக் குழு வாழ்க்கையின் பழக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பழக்கங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, முயலை ஒழித்துக்கட்ட விரும்பிய ஒரு நாட்டிலிருந்து வந்தது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு வரவழைத்தார். சில பத்தாண்டுகளில் அவற்றின் சந்ததி கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி மேய்ச்சல் நிலங்களை மொட்டையாக்கியது. எதிரியை வெல்ல அதன் வாழ்க்கையை அறிய வேண்டும் என்ற நிலை வந்தது. கான்பெராவில் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ரோமன் மிகிடோவிச், வேலியிட்ட நிலங்களில் முயல்களை விட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவர் கண்டுசொன்னவை இன்று ஒரு குளியலறைத் தரையில் இரண்டு செல்ல முயல்களை அறிமுகப்படுத்துகிறவருக்கும் உதவுகின்றன.

அவர் கவனத்தை ஈர்த்தது முயலின் மோவாய். அதன் அடியில் சுரப்பிகள் இருக்கின்றன. புல், கல், நாற்காலிக் கால், வளர்ப்பவரின் செருப்பு என்று கண்டதன் மீதெல்லாம் முயல் மோவாயைத் தேய்ப்பது அந்தச் சுரப்பைப் பூசத்தான். நம் மூக்குக்கு அது எட்டாது. குழுவில் உயர்நிலையில் உள்ள ஆண்களுக்கு இந்தச் சுரப்பி பெரிதாக இருப்பதையும், அவையே அதிகம் பூசுவதையும் மிகிடோவிச் கண்டார். மோவாயோடு நிற்பதில்லை, சிறுநீரும், ஒரே இடத்தில் குவித்து வைக்கும் புழுக்கையும்கூட எல்லைக் குறிகள்தான். இன்னொன்றையும் அவர் குழு சோதித்துப் பார்த்தது: தன் வாடை பூசிய இடத்தில் நிற்கும் முயல், அதே எதிரியை வேறிடத்தில் சந்திக்கும்போது இருப்பதைவிடத் துணிச்சலாக நடந்துகொள்கிறது. தன் தெருவில் நிற்கும் நாய்க்கு வரும் தைரியம்தான் இதுவும், ஆனால் முயலுக்கு அந்தத் தெரு முழுக்க முழுக்க வாடையால் ஆனது.

நம் ஊர் முயல் பண்ணையாளர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். இணைசேர்க்க வேண்டிய நாளில் பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்கு எடுத்துப் போவார்கள். ஒருபோதும் ஆணைப் பெண்ணின் கூண்டில் விடமாட்டார்கள். விட்டால் பெண் அதைக் கடித்துக் குதறிவிடும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் வளர்க்கும் ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் இறைச்சிக்கானவை. பண்ணைகளில் இவற்றை வளர்ந்த பிறகு தனித்தனிக் கூண்டில் வைப்பதுதான் வழக்கம். சண்டையைத் தவிர்க்க அது எளிய வழி. ஆனால் செல்லமாக வளர்க்கிற வீட்டிலும் அதையே செய்யலாமா?

கூடாது என்றே நினைக்கிறேன், அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெண் முயல்கள் எடை கூட்டப்பட்ட கதவைத் தள்ளித் திறந்தால்தான் மறுபுறம் இருப்பதை அடைய முடியும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒருமுறை மறுபுறம் உணவு, ஒருமுறை இன்னொரு முயல், ஒருமுறை ஏறி உட்கார ஒரு மேடை. எடையை ஏற்றிக்கொண்டே போனபோது, உணவுக்காகத் தள்ளிய அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு முயலுக்காகவும் அவை தள்ளின. வயிற்றுக்கு அடுத்தபடியாக அவை விரும்பியது தம் இனத்தின் அண்மையை. 2020இல் பிரிட்டனில் ஒரு காப்பகத்து முயல்களை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். குளிர்காலத்தில் தனியாக வைத்த முயல்களின் உடல் வெப்பநிலை ஜோடியாக இருந்தவற்றைவிடக் குறைவு. கம்பியை ஓயாமல் கடிக்கும் பழக்கம் தனித்தவற்றில்தான் தென்பட்டது. நாம் வேலைக்குப் போய், இரவில் வந்து அரைமணி நேரம் தடவிக் கொடுப்பதால் இது ஈடாகிவிடாது. சீமைப் பெருச்சாளியைத் துணைக்கு வைப்பதும் தீர்வல்ல. முயலின் ஒரு உதை அதன் முதுகெலும்பை முறித்துவிடக்கூடும், இரண்டின் உணவுத் தேவையும் வேறு.

ஆக, முயலுக்கு முயல் வேண்டும்; ஆனால் முன்பின் அறியாத முயல் அதற்கு எதிரி. இந்த முடிச்சை அவிழ்க்க, குழுவுக்குள் யார் யாரோடு எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் டீட்ரிஷ் ஃபான் ஹோல்ஸ்ட் ஏறத்தாழ 2 ஹெக்டேர் நிலத்தில் காட்டு வகை ஐரோப்பிய முயல்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஆண்களுக்குள் ஒரு வரிசை, பெண்களுக்குள் தனியாக ஒரு வரிசை. ஆண்கள் பெண்களுக்காகப் போட்டியிடுகின்றன. பெண்கள் குட்டி போட ஏற்ற வளைக்காக. உயர்நிலைப் பெண்கள் நீண்ட நாள் வாழ்ந்தன, அதிகக் குட்டிகளை விட்டுச்சென்றன. எனவே அந்தச் சண்டைகளை வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. உயிரும் சந்ததியும் அதில் பணயமாக இருக்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இந்தப் பணயம் குறைவு. கவனிக்க வேண்டிய இன்னொன்று: திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிவிடுகிறது, வென்றது கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டடிக் கூண்டில் தோற்றது எங்கே ஓடும்? ஓட முடியாததால் சண்டை முடிவதே இல்லை. வீட்டு முயல்களின் கொடுங்காயங்களுக்குக் குணத்தைவிடக் கூண்டின் அளவே பெரிய காரணம்.

இதிலிருந்தே எந்த ஜோடியைத் தேர்வது என்பதும் தெளிவாகிறது. ஓர் ஆண், ஒரு பெண், இரண்டுக்கும் கருத்தடை அறுவை சிகிச்சை: இதுவே அமைதிக்கு மிக நெருங்கிய ஏற்பாடு. இரண்டு பெண்கள் சேரலாம், குறிப்பாக உடன்பிறந்தவையாக இருந்தால். ஆனால் கருத்தடை செய்யாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாலேயே போலிச் சினை ஏற்பட்டு, கூடு கட்டும் வெறியில் மூர்க்கமாகிவிடும். இரண்டு ஆண்கள்தான் கடினம். கருத்தடை செய்யாத இரண்டு கிடாக்கள் சண்டையிட்டால் ஒன்றின் விரையை மற்றது கடித்து அறுத்துவிடுவதும் உண்டு.

அறுவை சிகிச்சை என்றதும் தயங்குகிறவர்கள் பலர். "பாவம், எதுக்கு அதை வதைக்கணும்?" என்பார்கள். முயலுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். இணைசேர்ந்த தூண்டுதலில்தான் பெண்ணுக்கு முட்டையே வெளிவருகிறது. ஆகவே பெரும்பாலான சேர்க்கைகள் சினையில் முடிகின்றன. குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகவும் முடியும். அந்தக் குட்டிகளை எல்லாம் யார் ஏற்பார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். சில இனங்களில் நான்கு வயதைக் கடந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இது காணப்பட்டிருக்கிறது. ஆகவே வதை எது, பரிவு எது என்பதை நாம் திருப்பிப் பார்க்க வேண்டும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரைத் தேடுவது மட்டும் கட்டாயம். நாய்க்குச் சொல்வதுபோல "முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் வேறு மருத்துவரிடம் போங்கள்: முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு விந்து மிஞ்சியிருக்கும், இரண்டிலும் சுரப்புகள் அடங்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை சேர்க்கக் கூடாது.

நிறம், உருவம், இனம் எல்லாம் நம் கண்ணுக்காக. முயலுக்கு அவை பொருட்டல்ல. பெரிய முயலும் சிறிய முயலும் நன்றாகவே சேர்கின்றன. குணத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டுமே முன்னேறிச் சண்டைக்கு நிற்பவையாக இருந்தால் சிக்கல். ஒன்று துணிந்ததும் ஒன்று விட்டுக்கொடுப்பதுமாக இருந்தால் வரிசை சீக்கிரம் முடிவாகிவிடும். குட்டியாக வாங்கும்போது ஆண், பெண் என்று கடைக்காரர் சொல்வதை முடிவாகக் கொள்ள வேண்டாம். அந்த வயதில் பழகியவர்களும் தவறுகிறார்கள். மூன்று மாதத்தில் மருத்துவரிடம் மீண்டும் காட்டிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே ஒரு முயல் இருந்தால், சிறந்த வழி அதையே தேர்வு செய்யவிடுவதுதான். மீட்பகங்கள் சிலவற்றில் நம் முயலைக் கொண்டுபோய் இரண்டு மூன்று முயல்களோடு சற்று நேரம் விட்டுப் பார்க்க அனுமதிக்கிறார்கள். ஒன்றைக் கண்டதும் பாயும், இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு முகம் கழுவும். அந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

சேர்க்கும் வேலை மூக்கிலிருந்து தொடங்குகிறது. முயலின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் பின்னால் வருவதுகூட அதற்குத் தெரியும், ஆனால் மூக்கு நுனிக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. நேருக்கு நேர் வரும்போது மற்ற முயலை அது பார்ப்பதைவிட மோப்பம் பிடிப்பதே அதிகம். ஆகவே முதலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில், கம்பி வழியே கடிக்க முடியாத அளவு இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்றின் துணியை, புழுக்கைத் தட்டை மற்றதன் கூண்டில் மாற்றி மாற்றி வையுங்கள். சில நாளுக்குப் பிறகு முயல்களையே கூண்டு மாற்றலாம். தீவனத்தைக் கம்பிக்கு இருபுறமும் அருகருகே வைத்தால், அந்த அந்நிய வாடையும் தின்னும் இன்பமும் சேர்ந்தே வரும். ஆரம்பத்தில் கம்பியில் முட்டி உறுமியவை, ஒருநாள் கம்பிக்கு இருபுறமும் நீட்டிப் படுத்திருப்பதைக் காணலாம். அதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பின்னால் மருத்துவச் செலவு செய்கிறார்கள்.

பிறகு நேர்ச் சந்திப்பு. இரண்டுமே இதுவரை கால் வைக்காத, இரண்டின் வாடையும் இல்லாத இடம் வேண்டும். மிகிடோவிச் கண்ட அந்தத் துணிச்சல் எதற்கும் வராமலிருக்க. நம் வீடுகளில் குளியலறையோ விருந்தாளி அறையோ பொருந்தும். டைல்ஸ் தரை என்றால் சாக்கோ பாயோ விரித்துவிடுங்கள். முயலின் பாதத்தில் மெத்தை போன்ற தோல் கிடையாது, மயிர்தான். வழுக்கினால் மிரளும், மிரண்டால் உதைத்துக்கொண்டு தன் முதுகையே முறித்துக்கொள்ளவும் கூடும். நம் ஊருக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் திணறும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு முயல்களைத் துரத்தி விளையாட விடுவது உயிருக்கே ஆபத்து. அதிகாலையும் அந்தியும்தான் இதற்கான நேரம். அவை இயல்பாகவே சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான்.

முதல் சந்திப்பு சில நிமிடம் போதும். கையில் கெட்டித் துண்டோ அட்டையோ வைத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள். சண்டைக்கு நடுவே வெறுங்கையை விடக் கூடாது. ஒன்று மற்றதன்மேல் ஏறும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். கருத்தடை செய்த முயல்களில் இது பெரும்பாலும் யார் பெரியவர் என்று நிலைநாட்டும் செயல், சில நொடி விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது கடித்தால் மேலே இருப்பதன் மர்ம உறுப்பு போய்விடும். கொஞ்சம் துரத்துவதும் ஒரு வாய் மயிரைப் பிடுங்குவதும் பேரம் பேசுவதன் பகுதிதான். காது முழுக்கப் பின்னால் ஒட்டி, வால் விறைத்து, இரண்டும் ஒன்றையொன்று வட்டமடிக்கத் தொடங்கினால் அடுத்த கணம் உருண்டு பிடித்துக்கொள்ளும். அந்த வட்டம் முழுமையாகுமுன் நடுவே அட்டையை இறக்குங்கள். ஒரு பெரிய சண்டையை முயல் நெடுநாள் மறக்காது.

நல்ல அறிகுறிகள் வந்தால் எளிதில் கண்ணில் படுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் புல்லைத் தின்பது, பக்கத்தில் இன்னொரு முயல் இருக்கும்போதே தன் காதை இழுத்து நக்கிக்கொள்வது, முதுகைக் காட்டிப் படுப்பது. வேட்டையாடப்படும் ஒரு விலங்கு, அந்நியர் முன்னிலையில் கண்ணை மறைத்து முகம் கழுவுகிறது என்றால் அதற்குப் பயம் விட்டுப்போயிற்று என்று பொருள். பிறகு ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் மூக்குக்கடியில் நுழைக்கும்: நக்கிவிடு என்ற கோரிக்கை. மற்றது நெற்றியை நக்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நேரத்தை நிமிடங்களிலிருந்து மணிகளுக்கு நீட்டுங்கள். ஒரு முழுப் பகலும் இரவும், முடிந்தால் இரண்டு, உங்கள் கண் எதிரிலேயே சண்டையின்றிக் கழிந்த பிறகுதான் தனியே விடலாம். அவை குடிபோகும் இடத்தையும் வினிகர் கலந்த நீரால் கழுவி, பொருட்களை இடம் மாற்றி, பழைய வாடையை அகற்ற வேண்டும். பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒன்று ஒரு ஜோடிக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் உள்ள தொடர்ச்சியான இடத்தைப் பரிந்துரைக்கிறது. மறைவிடங்களுக்கு இரு வாசல் வையுங்கள். ஒற்றை வாசல் பெட்டியில் ஒன்று மற்றதை மடக்கிவிடும்.

சீக்கிரம் சேர்க்க ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுக் காரில் சுற்றுங்கள், ஓடும் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வையுங்கள், பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டிக்கொள்வது உண்மைதான். அது நட்பினால் அல்ல, உறைந்துபோய். பயந்த முயலின் குடல் இயக்கம் மந்தமாகிவிடும். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அது மருத்துவ அவசரநிலை. அதிர்ச்சி தீர்ந்து வீட்டுக்கு வந்ததும் பழைய பகை அப்படியே எழுவதும் உண்டு. இந்த முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சேர்ந்த ஜோடியைப் பிரிக்கவே கூடாது. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் போய் மருந்து வாடையோடு திரும்பினால், வீட்டிலிருந்தது அதை அந்நியனாகக் கருதிப் பாயலாம். மாதக்கணக்கான உழைப்பு ஒரு மாலையில் வீணாகும். ஒன்று இறந்துவிட்டால் உடலைச் சில மணி நேரம் மற்றதன் அருகிலேயே விட்டுவையுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். மோந்து பார்த்து, நக்கி, சில சமயம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு அது விலகிப் போகும். அப்படி விடாதபோது தேடிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் அது தின்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

எல்லாம் சரியாகச் செய்தும் சேராத ஜோடிகள் உண்டு. மாதங்கள் கடந்தும் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாய்ந்துகொண்டால் வற்புறுத்தாதீர்கள். வேறு முயலோடு முயன்று பார்க்கலாம். இருக்கிற இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால், கம்பித் தடுப்புக்கு இருபுறமும் போதிய இடம் விட்டு நிரந்தரமாகத் தனித்தனியே வளர்க்கலாம். கம்பிக்கு அப்பால் இன்னொரு முயல் படுத்திருப்பதைப் பார்த்தும் மோந்தும் வாழ்வது, யாருமே இல்லாத கூண்டைவிட அவற்றுக்கு மேல். தடுப்பை மட்டும் உறுதியாகப் போடுங்கள்; இருபுறமிருந்தும் தோண்டும்.